இந்தப் போகத்துக்கு ஆரு?

எங்கள் கந்தோரில் வேலை செய்த அந்தப் பெண்ணின் முன்னால் யாராவது “எப்பவும் இப்படித்தான்” என்று சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். கையிலிருக்கும் பென்சிலைக் கீழே வைப்பார். கொப்பியை மூடுவார். “எப்பவும் எண்டா, எத்தின வருசமா?” என்று கேட்பார். சொன்னவர் தலையைச் சொறிந்துகொண்டு, “ஒரு ரெண்டு மூணு வருசமா” என்பார். “அதுக்கு முந்தி?” என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு முந்தி வேறு மாதிரித்தான் இருந்திருக்கும். நான் பார்த்த வரையில் ஒருமுறைகூட இது தவறியதில்லை.

பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் கோபிப்பார். நாங்கள் செய்த எந்த மென்பொருளின் திரையிலும் எங்கள் பெயர் பெரிதாக வரக் கூடாது என்று என்னோடு சண்டை பிடித்தவர் அவர்.

மட்டக்களப்பு நகரில் ஓர் இரும்புக்கடையின் மாடியில் நானும் என் நண்பனும் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். அப்போது நாங்கள் ஐந்து பேர். முதலாளி என்ற பெயர் எனக்கு, வேலை மற்றவர்களுக்கு. மண்டூரில் இருந்து மோட்டார் சைக்கிளோடு படகேறி வாவியைக் கடந்து அந்தப் பெண் தினமும் வருவார். ஒரு மென்பொருளுக்குள் எது எதோடு சேர்ந்து இருக்க வேண்டும், எது எதைத் தொடவே கூடாது, நாளைக்கு வாடிக்கையாளரின் தேவை மாறினால் எத்தனை இடத்தில் உடைக்க வேண்டி வரும் என்று யோசிப்பதுதான் அவருக்கு வேலை. கட்டமைப்பு வடிவமைப்பாளர் என்று நியமனக் கடிதத்தில் எழுதிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு, “நல்ல நீளமா இரிக்கு” என்று மடித்து வைத்துக்கொண்டார்.

நான் அவசரக்காரன். வாடிக்கையாளர் வாய் திறக்கும்போதே என் மண்டைக்குள் திரை ஓடத் தொடங்கிவிடும். அந்தப் பெண்ணோ ஒரு கிழமைக்கு ஒரு வரிகூட எழுதமாட்டார். பழைய கலண்டர் தாள்களைக் கிழித்து, பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுச் சுவரில் ஒட்டுவார். இடப்பக்கம் மாறாதது, வலப்பக்கம் மாறுவது. பேனாவால் எழுதி நான் பார்த்ததில்லை. கேள்வி கேட்டே ஆளைக் களைக்க வைத்துவிடுவார். ஒரு கலியாண மண்டப உரிமையாளர், “இந்தப் புள்ள எனக்கு மண்டபம் நடத்தத் தெரியுமோ எண்டு சோதினை வைக்குது” என்று எழும்பிப் போனவர் திரும்பி வரவேயில்லை. அன்றைக்கு நான் மேசையில் ஓங்கி அறைந்தேன். கண்ணாடி வெடித்ததுதான் மிச்சம். அந்த வெடிப்பு இப்போதும் இருக்கிறது.

ஆனால் ஏறாவூர் பேக்கரிக்காரர் விடயத்தில் என் வாய் அடைத்தது. முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல அவரை நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். சுற்றுவட்டாரக் கடைகள் எல்லாம் பாணுக்குத் தொலைபேசியிலேயே ஓடர் போடுவதற்கு ஒரு மென்பொருள் கேட்டார். விடிய ஒரு நடை, பின்னேரம் ஒரு நடை என்று நான் பிடித்து இறுக்கி எழுதி வைத்திருந்தேன். அந்தப் பெண் வந்தார், கொப்பியை விரித்தார்.

“நானா, நோன்பு மாசத்தில என்ன செய்வீங்க?”

“நோன்பில எல்லாம் தலைகீழாக் கிறுகிரும் மகள். பகல்ல ஆரு பாண் வாங்குற? பின்னேரம்தான் யாவாரம். மறுகா விடியமுந்தி ஸஹர் சாப்பாட்டுக்கு எண்டு இன்னொரு போறணை பாண் போடணும்.”

எனக்கு முகம் கறுத்துவிட்டது. சமாளிக்க வேண்டுமே! “அதுக்கென்ன, நோன்பு எப்ப தொடங்குது எண்டு கலண்டரில பாத்து இப்பவே போட்டுவிடுவம்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “பிறை தெரியாட்டி?”

நானா வயிறு குலுங்கச் சிரித்தார். “நல்லாக் கேட்டீங்க மகள்! அத அண்டைக்குத்தான் அறிவிப்பாங்க.”

கடைசியில் அந்தப் பெண் செய்தது ஒரேயொரு பொத்தான். பிறை அறிவித்ததும் நானாவே அதை அமத்துவார், முழு நாளும் நோன்பு நாளாக மாறிவிடும். திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளை உதைத்தபடி என்னிடம் சொன்னார்: “பிறைய முடிவெடுக்கிற ஆக்கள் நாமளில்ல அண்ணன்.” அவருடைய முழுக் குணமும் இதுதான். அடுத்தவர் எடுக்க வேண்டிய முடிவை மென்பொருளுக்குள் தூக்கிப் பூட்டி வைப்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியாது. அது ஒருவகைத் திருட்டு என்பதுபோலப் பேசுவார். எனக்கு அது அப்போது மிகையாகப் பட்டது.

பிறகு கிரான் வேலை வந்தது. என் மனைவியின் ஊர் அது. அங்குள்ள விவசாயிகளின் கமக்கார அமைப்பு ஒன்றுக்கு, வயலுக்குத் தண்ணீர் வரும் முறையைக் கைத்தொலைபேசிக்குச் செய்தியாக அனுப்ப வேண்டும். குளத்தின் துருசைத் திறந்து ஒவ்வொரு வாய்க்காலுக்கும் முறை வைத்து விடுவார்கள். உங்கள் முறை வரும்போது மண்வெட்டியோடு நீங்கள் வயலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தண்ணீர் உங்களைத் தாண்டிப் போய்விடும், அடுத்த முறை வருவதற்குள் வேளாண்மை கருகும். வட்டை விதானை, அதாவது அந்த வயல்வெளிக்குத் தண்ணீர்ப் பொறுப்பாக ஊரார் தெரிந்தெடுத்தவர், சைக்கிளில் ஓடி ஓடிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு மூட்டு நோவு. வயல்களோ பரந்து கிடந்தன.

இரண்டு கிழமையில் நானே எழுதி முடித்தேன். மனைவியின் ஊர் அல்லவா, கொஞ்சம் பகட்டும் இருந்தது. வயல் உரிமையாளர்களின் பட்டியலை வாங்கி, ஒரு வயலுக்கு ஒரு பெயர், ஒரு இலக்கம் என்று ஏற்றினேன். பரீட்சார்த்தமாகத் தண்ணீர் விட்ட அன்று காலை என் மனைவி, தான் படிப்பிக்கும் பாடசாலையில் இருந்து அழைத்தாள்.

“இஞ்ச பாருங்க, எனக்குத் தண்ணி வருதாம். நான் ஒம்பதாம் வகுப்பில நிக்கிறன். என்ன செய்ய?”

எங்கள் பக்கத்தில் காணி பெண்பிள்ளைக்குத்தான் போகும். உறுதிப் பத்திரத்தில் மனைவியின் பெயர், மண்வெட்டி வேறொருவர் கையில். இது எனக்குத் தெரியாததா? நானே சீதனக் காணி வாங்கியவன்! என் மனைவியின் இரண்டு ஏக்கரைச் செய்வது குத்தகைக்காரர். அவருக்குச் செய்தி போகவில்லை. தண்ணீர் வருகிறது என்ற செய்தி அன்றைக்குக் கட்டாரில் வீட்டுவேலை செய்யும் ஒரு பெண்ணுக்குப் போனது, பிரசவ விடுதியில் படுத்திருந்த ஒரு பெண்ணுக்குப் போனது. வயலில் நின்ற ஆண்கள் ஒருவருக்கும் போகவில்லை.

கந்தோருக்கு வந்து, “ஒரு சின்னப் பிழைதான், கணவர் எண்டு இன்னொரு பெட்டி போட்டாச் சரி” என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

“புருசன் இந்தப் போகம் செய்வார். அடுத்த போகம் தம்பி செய்வான். மறுகா குத்தகைக்குப் போகும். பெட்டி போட்டுக்கொண்டே இருப்பீங்களா அண்ணன்?”

அடுத்த நாளே கிரானுக்குப் போய்விட்டார். வட்டை விதானையின் வீட்டு முற்றத்தில் பிளேன்டீயும் கையுமாக உட்கார்ந்துகொண்டு, அவருடைய காலத்தில் எதெது மாறியது என்று கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. விதானை சொல்லச் சொல்லக் கலண்டர் தாளின் வலப்பக்கம் நிரம்பியது. விதைப்புத் திகதி மாறியது. நெல் மாறியது. முறை மேலிருந்து கீழாகப் போனது, ஒரு வருடம் கீழிருந்து மேலாக வந்தது. வயல் செய்தவர் போகத்துக்குப் போகம் மாறினார். சண்டைக் காலத்தில் ஆட்களே ஊரில் இல்லை, பிறகு வந்தார்கள்.

“மாறாதது என்ன ஐயா?” என்று கேட்டார்.

விதானை வயல் பக்கம் கையை நீட்டினார். “வரம்பு. வாய்க்கால். எந்த வயல் எந்த வாய்க்காலில குடிக்கிற எண்டது. அது என்ட மாமன்ட காலத்திலயும் இதுதான்.”

அந்த மூன்றையும் அவர் மென்பொருளின் அடியில் வைத்து அசையாமல் இறுக்கினார். திரையில் இருந்து எவரும் தொட முடியாது. அதையும் மாற்றக்கூடியதாக விடலாமே என்று என் நண்பன் கேட்டபோது, “வரம்பத் திரையில வெட்டி ஒட்ட விட்டா ஊருக்குள்ள கொலை விழும்” என்றார். அதற்கு மேலே, ஒவ்வொரு வயலுக்கும் நேராக ஒரு கேள்வி: இந்தப் போகத்துக்கு ஆரு? போகத் தொடக்கத்தில் ஊரார் கூடித் திகதி குறிக்கும் கன்னக் கூட்டத்தில் அதற்குப் பதில் கேட்டு நிரப்ப வேண்டும். போகம் முடிய அது வெறுமையாகிவிடும். அந்த இடத்தில் ஒரு பெயரல்ல, எத்தனை பெயர் வேண்டுமானாலும் போடலாம் என்று விட்டிருந்தார்.

“ஒரு வயலுக்கு ஒரு ஆளுக்கு மேல எதுக்குப் புள்ள?” என்றேன்.

“தெரியாது அண்ணன். எனக்குத் தெரியாதத நான் ஏன் பூட்டி வைக்கணும்?”

கூட்டத்துக்கு மூன்று கிழமை இருந்தது. தவறவிட்டால் இன்னொரு போகம் காத்திருக்க வேண்டும், அதற்குள் வேறு யாராவது புகுந்துவிடுவார்கள். என்னுடையதை ஒட்டுப்போட்டுக் கொடுத்துவிடுவோம் என்று நான் நின்றேன். முழுவதையும் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும் என்று அவர் நின்றார். எல்லாருக்கும் முன்னால் கத்தினேன். “உனக்குச் சம்பளம் தாறது ஆரு, நானோ அந்த விதானையோ?” என்றுகூடக் கேட்டுவிட்டேன். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

அவர் குரலை உயர்த்தவில்லை. “அண்ணன், நாளைக்கு ஒரு நாள் கூட்டத்தில அவங்க ஒரு முடிவெடுப்பாங்க. உங்கட சாமானுக்கு அது ஒண்ணாது. அப்ப என்ன நடக்கும்?”

“தூக்கி எறிவாங்க. அதானே உன்ட பயம்?”

“எறிஞ்சா நல்லம். எறியாம, கொம்பியூட்டர் விடுதில்ல எண்டு அவங்கட முடிவ மாத்திருவாங்களோ எண்டுதான் எனக்குப் பயம். நல்ல ஒரு முடிவு எங்களால இல்லாமப் போகும். அது எங்களுக்குத் தெரியவும் வராது.”

எழும்பி வெளியே போய் வாவிக்கரையில் அரை மணித்தியாலம் நின்றுவிட்டு வந்து, “சரி, பிரி” என்றேன். மூன்று கிழமையும் ஞாயிறுகூட வந்தார். கூட்டத்துக்கு முந்திய நாள் முடிந்தது.

அதோடு விட்டாரா? அமைப்பின் செயலாளரைப் பிடித்துக்கொண்டார். செயலாளர் கிரானில் மாடு வைத்திருக்கும் ஒரு அம்மா, கைத்தொலைபேசியைத் தொட்டால் ஏதும் வெடிக்குமோ என்று பயந்தவர். அவரைக் கொண்டே முறையை மாற்றச் செய்தார், திருப்பி மாற்றச் செய்தார், பிழையாக மாற்றச் செய்து பிழையைக் கண்டுபிடிக்கச் செய்தார். தான் எட்டித் தொட்டுவிடாமல் தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா தடுமாறிய ஓரிடத்தில் நான் பாய்ந்து திரையைத் தொடப் போனேன். “அண்ணன், வெளிய பிளேன்டீ ஊத்தியிரிக்காங்க, போய்க் குடிங்க” என்றார். சிறுபிள்ளையை அனுப்புவதுபோல முதலாளியை அனுப்பினார், நானும் போனேன்.

இரண்டரை வருடம் எங்களோடு இருந்தார். பிறகு கண்டியில் பெரிய நிறுவனமொன்றில் வேலை கிடைத்துப் போனார். போகும்போது நான் ஒரு பேச்சு ஆயத்தம் பண்ணி வைத்திருந்தேன். அதைத் தொடங்கவே அவர் விடவில்லை. சுவரிலிருந்த கலண்டர் தாள்களையெல்லாம் உரித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, “இதெல்லாம் பழசு. இனி நீங்க புதுசாக் கேளுங்க” என்று சொல்லிப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த சிறுபோகம், குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்யும் கோடைப் போகம். மழை ஏமாற்றிவிட்டது. கன்னக் கூட்டம் பாடசாலை மண்டபத்தில் நடந்தது. நானும் மனைவியும் பின்வாங்கில் இருந்தோம். குளத்தில் இருக்கும் தண்ணீர் பாதி வட்டைக்குத்தான் போதும் என்று அமைப்பின் நிர்வாகிகள் எழுந்து சொன்னார்கள். பாதி என்றால் குளத்துக்குக் கிட்ட இருக்கும் மேல்வயல்கள். என் மனைவியின் வயல் அதில் இருந்தது. வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைவயல்காரர் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இந்தப் போகம் இல்லை.

விதானை மெதுவாக எழுந்தார். “என்ட மாமன்ட காலத்தில ஒருக்கா இப்படி வந்தது. மேல்வயல்காரர் ஆளுக்குப் பாதிய அந்த ஒரு போகத்துக்குக் கடைவயல்காரருக்குச் செய்யக் குடுத்தாங்க. எல்லாரும் அரைவயிறு எண்டாலும் திண்டாங்க” என்றார்.

முணுமுணுப்பு கிளம்பியது. முன்வரிசையில் ஒருவர் எழுந்தார், அவரும் மேல்வயல்காரர். “நல்ல கதைதான். ஆனா கொம்பியூட்டரில ஒரு வயலுக்கு ஒரு ஆள்தானே? முறைத் தண்ணிக்கு மெசேஜ் ஆருக்குப் போகும்? வீண் கரைச்சல்” என்று சொல்லி உட்கார்ந்தார்.

அவருக்குத் தெரிந்தது நான் முதலில் எழுதிய மென்பொருள். அதுவே இன்றைக்கும் இருந்திருந்தால் அவர் சொன்னதுதான் சரி. பத்துப் பேர் தலையாட்டியிருப்பார்கள், கதை அங்கேயே முடிந்திருக்கும், கடைவயல்காரர் எழும்பி வீட்டுக்குப் போயிருப்பார்கள். இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்தா அந்தப் பெண் அன்று என்னிடம் ஏச்சு வாங்கினார்? தெரியாது. தெரியாதென்றுதானே திறந்து விட்டார்.

செயலாளர் அம்மா எழும்பக்கூட இல்லை. “அதுக்கிட்ட ஏன் கேக்கணும்? நாம சொல்றத அது போடும். பாதி வயல குடுக்கிறதா இல்லையா எண்டதக் கதைங்க” என்றார்.

கதைத்தார்கள். வாய்த்தர்க்கம் வந்தது, பழைய கோபமெல்லாம் வந்தது, ஒருவர் வேட்டியை உதறிக்கொண்டு வெளியே போய்த் திரும்பி வந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த மனைவி குத்தகைக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சரியென்று தலையை ஆட்டினார். அவள் கையைத் தூக்கி, “எங்கட ரெண்டு ஏக்கரில ஒண்டு தாறம்” என்றாள். என்னைக் கேட்கவில்லை. காணி அவளுடையது, என்னை ஏன் கேட்க வேண்டும்? அதற்குப் பிறகு ஒவ்வொரு கையாக எழுந்தது. எல்லாக் கையும் அல்ல, ஆனால் போதுமான அளவு. கூட்டம் கலைவதற்குள் செயலாளர் அம்மா மூலையில் இருந்துகொண்டு வயலுக்கு இரண்டு பெயராக ஏற்றி முடித்துவிட்டார்.

பின்னேரம் கண்டியில் இருந்த அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மென்பொருளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“கூட்டம் எவ்வளவு நேரம் நடந்த?”

“ரெண்டு மணித்தியாலம் வரும்.”

“அதில கொம்பியூட்டர் கதை?”

“ஒரு ஆள் ஒரு கேள்வி கேட்டார். செயலாளர் அம்மா வாய அடைச்சிட்டா. அவ்வளவுதான்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எங்களோடு இருந்த காலத்தில் அவர் அழுது நான் பார்த்ததேயில்லை. என் கண்ணும் கலங்கியது, சொல்வதற்கென்ன வெட்கம்.

முதல் முறைத் தண்ணீர் விட்ட அன்று நான் கிரானுக்கு ஓடினேன். யாரும் கூப்பிடவில்லை. ஏதாவது பிழைத்தால் நான் நிற்க வேண்டுமே என்ற நினைப்புத்தான். மனைவியின் வயலில், நான் முன்பின் கண்டிராத ஒருவர் மண்வெட்டியால் வாய்க்கால் வாயை வெட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். வரம்பில் சப்பாத்துக் காலோடு நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க ஆரு ஐயா?” என்று நான்தான் முதலில் கேட்டேன்.

“நான் கடைவயல். இந்தப் போகத்துக்கு இதில பாதிக்கு நான்தான். வெள்ளன மெசேஜ் வந்தது. நீங்க ஆரு?”

இந்த மென்பொருளைச் செய்த நிறுவனத்தின் முதலாளி என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவருக்கு என்ன ஆகப்போகிறது?

“வயல்காரியின்ட புருசன்” என்றேன்.

“அப்படியா. கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க தம்பி, தண்ணி வருது.”

ஒதுங்கி நின்றேன். அந்தப் பெண் இரண்டரை வருடமாக என்னிடம் கேட்டதெல்லாம் இதைத்தான்.